விரலால் எழுதட்டும்

பார்வைத்திறன் குறையுடைய மாணவர் கைப்பேசியில் எழுத வேண்டுமென்றால் நாம் உடனே பரிந்துரைப்பது குரல்வழித் தட்டச்சு. அது விரைவானது, பயனுள்ளது. ஆனால் மொழிப்பாட ஆசிரியருக்கு அதில் ஒரு சிக்கல் உண்டு. சொல்லை மாணவர் சொல்கிறார். எழுத்துக் கூட்டுவதோ கருவி. தேர்வில் 'சொல்வதை எழுதுபவர்' இருந்தாலும் இதே நிலைதான். மாணவருக்கு எழுத்துக்கூட்டல் தெரியுமா என்பது நமக்குக் கடைசிவரை தெரியாமலே போகிறது.

நான் எட்டாம் வகுப்புக்கு ஆங்கிலம் கற்பிக்கிறேன். ஆறாம் வகுப்பில் பார்வையை இழந்த மாணவன் ஒருவன் வகுப்பில் இருக்கிறான். பிரெய்ல் இப்போதுதான் கற்கிறான். ஆனால் ஐந்தாண்டுகள் நோட்டில் எழுதிய கை எழுத்தின் வடிவத்தை மறக்கவில்லை. அவன் மாமா கொடுத்த பழைய ஐபோனில் உள்ள கையெழுத்து வசதி அந்த நினைவைப் பயன்படுத்த உதவியது.

வசதி எப்படிச் செயல்படுகிறது?

ஐபோனின் திரைவாசிப்பான் வாய்ஸ்ஓவர். 2013இல் வந்த ஐஓஎஸ் 7 முதல் அதில் கையெழுத்து உள்ளீடு இருக்கிறது. அமைப்புகளில் அணுகல்தன்மை, வாய்ஸ்ஓவர், ரோட்டார் எனச் சென்று 'கையெழுத்து' என்பதைத் தேர்வு செய்ய வேண்டும். பிறகு எழுதும் பெட்டியில் இரு விரல்களை வைத்து, ரேடியோ குமிழைத் திருகுவதுபோல் திருப்பினால் அந்த வசதி வரும்.

இனித் திரை முழுவதும் சிலேட்டுதான். விசையைத் தேட வேண்டியதில்லை. ஒரு விரலால் ஓர் எழுத்தை எழுதி நிறுத்தினால் கருவி அதை வாசிக்கும். அடுத்த எழுத்தையும் அதே இடத்திலேயே எழுதலாம்.

• இரு விரல்களால் வலப்புறம் தள்ளினால் இடைவெளி
• இரு விரல்களால் இடப்புறம் தள்ளினால் அழித்தல்
• மூன்று விரல்களால் வலப்புறம் தள்ளினால் புதிய வரி
• மூன்று விரல்களால் மேலே அல்லது கீழே தள்ளினால் சிறிய எழுத்து, பெரிய எழுத்து, எண், நிறுத்தற்குறி என மாறும்

வகுப்பில் செய்தவை

முதலில் எண்கள். 0 முதல் 9 வரை எழுதப் பழகியதும், பூட்டுத் திரையில் கடவு எண்ணை வரைந்து திறக்கக் கற்றான். அருகில் இருப்பவர் காதில் விழாமல் தன் கைப்பேசியைத் தானே திறப்பது அவனுக்குப் பெரிய மகிழ்ச்சி.

அடுத்துச் சிறிய எழுத்துகள், பிறகு மூன்றெழுத்துச் சொற்கள், அதன்பின் சொல்வதெழுதுதல். அதற்கு முன் விசைப்பலகை அமைப்பில் தானியங்கித் திருத்தத்தையும் சொல் பரிந்துரையையும் நிறுத்திவிடுங்கள். அப்போதுதான் பிழை பிழையாகவே நிற்கும். 'பிகாஸ்' என்ற சொல்லில் அவன் கடைசி எழுத்தான 'ஈ'யை விட்டது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. எழுத்தெழுத்தாக வாசிக்கக் கேட்டு அவனே திருத்தினான். அதுவரை வாய்மொழி விடைக்கு மட்டுமே மதிப்பெண் பெற்றவன், மற்றவர்களைப் போலவே பிழைக்கு மதிப்பெண் இழந்தான். அதில் அவனுக்கு வருத்தமில்லை.

கவனிக்க வேண்டியவை

'ஓ' எழுத்தும் பூச்சியமும், 'எல்' எழுத்தும் ஒன்றும் குழம்பும். எந்த வகையில் எழுதுகிறோம் என்பதைக் கேட்டு உறுதி செய்யப் பழக்குங்கள். 'டி', 'எக்ஸ்' போன்ற இரு கோட்டு எழுத்துகளில் நடுவே தயங்கினால் கருவி பாதியையே எழுத்தாகக் கொள்ளும். காதணி ஒலிபெருக்கியை ஒரு காதில் மட்டும் மாட்டினால் பாடமும் கேட்கும்.

இந்த முறை மெதுவானது. நீண்ட கட்டுரைக்கு ஏற்றதன்று. பிரெய்லுக்கு மாற்றும் அன்று. என் மாணவன் தமிழைப் பிரெய்லில்தான் கற்கிறான். சிறப்புப் பயிற்றுநர் வரும் நாள்கள் அதற்கே. பிறவியிலேயே பார்வையற்ற குழந்தைக்கு எழுத்தின் வடிவம் கைநினைவில் இருக்காது. அவர்களுக்கு மணல், கம்பளி நூல் ஆகியவற்றால் வடிவத்தை முதலில் தொட்டுணரச் செய்ய வேண்டும்.

உங்கள் வகுப்பில் இடையில் பார்வை இழந்த குழந்தை இருந்தால், எழுதத் தெரிந்த அந்தக் கையைச் சும்மா இருக்க விடாதீர்கள். ஒரு பாடவேளை ஒதுக்கி, அக்குழந்தையின் பெயரை முதலில் எழுதச் சொல்லிப் பாருங்கள்.