காட்டை அழிப்பது பசியா, பட்டாவா?

அமேசான் எரிகிறது என்ற செய்தி வரும்போதெல்லாம் சில விளக்கங்களும் கூடவே வருகின்றன. அவற்றில் மூன்றை ஒரு பொருளியல் மாணவனாக என்னால் ஏற்க முடியவில்லை.

நம்பிக்கை: ஏழைகள் பெருகிவிட்டார்கள், வயிற்றுப்பாட்டுக்காகக் காட்டை வெட்டுகிறார்கள்.

உண்மை: பிரேசிலில் அழிந்த அமேசான் காட்டின் பெரும்பகுதி இன்று மாட்டு மேய்ச்சல் நிலம். 1960களின் நடுவிலிருந்தே இராணுவ அரசு அங்கே பண்ணை தொடங்குவோருக்கு வரிச்சலுகைகளை அள்ளிக் கொடுத்தது. உலக வங்கியில் பணியாற்றிய பொருளியலாளர் ஹான்ஸ் பின்ஸ்வாங்கர் 1980களின் இறுதியில் அந்நாட்டுச் சட்டங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். அப்போது வேளாண் வருமானத்துக்கு வரி ஏறக்குறைய இல்லை. ஆகவே நகரத்துப் பணக்காரர்கள் வரிக்குத் தப்ப நிலம் வாங்கினார்கள். நிலவரிக் கணக்கில் நிற்கும் காடு ‘பயன்படுத்தாத நிலம்’ என்றிருந்தது. மரங்களை வெட்டி மேய்ச்சலாக்கினால் வரி குறைந்தது. பட்டா கேட்டு வந்தவருக்கோ, வெட்டிய பரப்புதான் அனுபவ பாத்தியதைக்குச் சான்றாக இருந்தது. ஏழைக்கு வருமான வரியே இல்லாததால் சலுகையாலும் பயனில்லை. சலுகையால் ஏறிய நிலவிலை மட்டும் அவன் தலையில் விழுந்தது. வாங்க வழியில்லாமல் அவன் காட்டோரத்துக்குத் தள்ளப்பட்டான். அவன் கையிலிருக்கும் கோடரிதான் நம் கண்ணில் படுகிறது.

நம்பிக்கை: பொதுச்சொத்து பாழாகும், தனியாருக்குக் கொடுத்தால்தான் காடு பிழைக்கும்.

உண்மை: 1968இல் உயிரியலாளர் காரெட் ஹார்டின் எழுதிய கட்டுரையிலிருந்து பரவிய எண்ணம் இது. கட்டுப்பாடற்ற பொதுநிலத்துக்கே அது பொருந்தும் என்று பின்னாளில் அவரே திருத்திக்கொண்டார். ஊரார் கூடி விதி வகுத்துப் பல தலைமுறைகளாகக் காத்துவரும் பொதுவளங்களை எலினோர் ஆஸ்ட்ரம் ஆராய்ந்து காட்டினார். 2009இல் பொருளியல் நோபல் பெற்றார்.

பிரேசிலின் ஆக்ரே மாநிலத்தில் இதைக் கண்ணால் பார்க்கலாம். 1876இல் அமேசானிலிருந்து எடுத்துச் செல்லப்பட்ட ரப்பர் மர விதைகள் ஆசியாவில் தோட்டங்களாயின. மலாயாவில் நம்மவர்கள் பால் வெட்டத் தொடங்கிய பிறகு அமேசானின் ரப்பர் வணிகம் சரிந்தது. அங்கே முதலாளியிடம் கடன்பட்டுக் கிடந்த பால்வெட்டுக்காரர்கள் பலர் காட்டிலேயே தங்கிவிட்டார்கள். 1970களில் பண்ணைக்காரர்கள் மரம் அறுக்க வந்தபோது, அவர்களின் வாரிசுகள் பெண்டு பிள்ளைகளோடு இயந்திர ரம்பங்களின் முன்னே போய் நின்றார்கள். அவர்களின் தலைவர் சிகோ மெண்டிஸ் 1988 டிசம்பர் 22 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். 1990இல் அவர் பெயரில் சுமார் 9,70,000 ஹெக்டேர் காடு காப்பகமானது. நிலம் அரசுடையது, அனுபவிக்கும் உரிமை அங்கு வாழ்வோருடையது, விற்க எவருக்கும் உரிமையில்லை.

அங்கும் மாடுகள் நுழைந்துவிட்டன என்பதை மறைக்கக் கூடாது. ரப்பர் பாலுக்குக் கட்டுப்படியான விலை கிடைக்காவிட்டால் உரிமை மட்டும் அடுப்பெரிக்காது.

நம்பிக்கை: காட்டைக் காத்தால் வேளாண்மை வளராது.

உண்மை: 2004இல் பிரேசில் அமேசானில் சுமார் 27,800 சதுர கிலோமீட்டர் காடு அழிந்தது. அதன் பிறகு செயற்கைக்கோள் கண்காணிப்பு வலுத்தது. புதிய காப்பகங்கள் வந்தன. 2008 முதல், நில ஆவணமும் சுற்றுச்சூழல் சான்றும் காட்டாதவருக்கு அங்கே வங்கியின் வேளாண் கடன் மறுக்கப்பட்டது. 2012இல் அழிவு சுமார் 4,600 சதுர கிலோமீட்டராகக் குறைந்தது. அந்த எட்டு ஆண்டுகளில் பிரேசிலின் சோயா விளைச்சல் கூடியிருந்தது.