அம்மா சொன்னதும் வீட்டில் நடந்ததும்

“அந்த நாட்டுத் தாய்மார் பிள்ளையை அடிப்பதே இல்லை”, “இந்தச் சமூகத்தில் கைக்குழந்தையை யாரும் கொஞ்சுவதில்லை” என்றெல்லாம் குழந்தை வளர்ப்பு நூல்களிலும் பத்திரிகைகளிலும் அடிக்கடி எழுதப்படுகிறது. இவற்றைச் சொன்ன ஆய்வாளர் தாயிடம் கேட்டு எழுதினாரா, வீட்டில் உட்கார்ந்து பார்த்து எழுதினாரா என்பது மட்டும் பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. ஒரு செய்தியை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதோ அதைப் பொறுத்தே இருக்கிறது.

நம்பிக்கை: பெற்றவளைக் கேட்டால் போதும், அவளுக்குத் தெரியாததா?

1950களின் அமெரிக்க ஆய்வாளர்கள் பலரும் இப்படித்தான் எண்ணினார்கள். ராபர்ட் சியர்ஸ், எலினார் மெக்கோபி, ஹாரி லெவின் ஆகியோர் 1957இல் வெளியிட்ட புகழ்பெற்ற நூல், பாஸ்டன் வட்டாரத்தைச் சேர்ந்த 379 தாய்மாரின் பேட்டிகளை வைத்தே எழுதப்பட்டது. பிள்ளைகளுக்கு அப்போது ஐந்து வயது. கேள்விகளில் பல, அவர்கள் கைக்குழந்தைகளாக இருந்த காலத்தைப் பற்றியவை.

அந்த நினைவு எவ்வளவு நம்பத்தக்கது? லில்லியன் ராபின்ஸ் 1963இல் வெளியிட்ட ஆய்வு இதைச் சோதித்தது. நியூயார்க்கில் சில குடும்பங்களை ஆய்வாளர்கள் குழந்தை பிறந்தது முதலே பின்தொடர்ந்து, பெற்றோர் அவ்வப்போது சொன்னதையெல்லாம் குறித்து வைத்திருந்தார்கள். பிள்ளைக்கு மூன்று வயதானபோது 47 தாய்மாரிடமும் 44 தந்தையரிடமும் அதே விவரங்களை ராபின்ஸ் மறுபடி கேட்டார். பசித்து அழுதபோதெல்லாம் பால் கொடுத்தீர்களா, மணி பார்த்துக் கொடுத்தீர்களா? எப்போது பால் மறக்கடித்தீர்கள்? விரல் சூப்பியதா? பதில்கள் பல இடங்களில் பழைய குறிப்போடு பொருந்தவில்லை. தந்தையரின் நினைவு இன்னும் மோசம். அதைவிடக் கவனிக்க வேண்டியது, பிழைகள் சாய்ந்த திசை. பெஞ்சமின் ஸ்பாக் போன்ற மருத்துவர்கள் அன்று எதை நல்ல வளர்ப்பு என்று எழுதினார்களோ, அந்தப் பக்கமாகவே நினைவு நகர்ந்திருந்தது. இந்தத் தாய்மார் வேண்டுமென்றே பொய் சொன்னார்கள் என்று கொள்ளத் தேவையில்லை. நல்ல தாய் இப்படித்தான் இருப்பாள் என்று ஊர் சொல்லிக்கொண்டே இருந்தால், அவள் நினைவிலும் அந்தச் சாயல் ஏறிவிடும்.

தமிழ் வீடுகளில் கேட்பவருக்கு இன்னொரு சிக்கலும் காத்திருக்கிறது. “பிள்ளை நல்லா சாப்பிடுதா?” என்று வெளியாள் கேட்டால், “எங்க சாப்பிடுது, ரெண்டு வாய்க்கு மேல இறங்க மாட்டேங்குது” என்று சொல்லும் தாய்மார் ஏராளம். கண் பட்டுவிடும் என்ற பயம்தான் காரணம். படிவத்தை நிரப்புபவர் அதை அப்படியே எழுதிக்கொண்டு போனால், கொழுகொழுவென்ற பிள்ளையும் பசியற்ற பிள்ளைகளின் கணக்கில் சேர்ந்துவிடும். தமிழ்நாட்டுக் குடும்பம் ஒன்றோடு தங்கிப் பழகிய மானிடவியலாளர் மார்கரெட் ட்ராவிக், 1990இல் வெளியிட்ட நூலில் தாய்ப்பாசம் அடக்கி மறைக்கப்படுவதை விரிவாக எழுதியிருக்கிறார். தாயின் கண்ணே பிள்ளைக்குப் பட்டுவிடும், அதனால் தூங்கும் குழந்தையை ஆசையாகப் பார்க்கக் கூடாது என்ற நம்பிக்கையும் அதில் பதிவாகியிருக்கிறது. ஒரு மணி நேரப் பேட்டிக்கு இவ்வளவும் எட்டாது.

நம்பிக்கை: அப்படியானால் நேரில் பார்த்துவிடலாம், கண்ணால் கண்டதில் பிழை வராது.

பார்க்க ஒருவர் வந்து உட்கார்ந்தாலே வீடு கொஞ்சம் மாறிவிடுகிறது. தாங்கள் கவனிக்கப்படுவது தெரிந்தபோது தாய்மார் பிள்ளைகளோடு கூடுதலாக விளையாடினார்கள், கூடுதல் கனிவும் காட்டினார்கள் என்பது 1975இலேயே ஓர் ஆய்வில் வெளிப்பட்டது. எலிகா பெர்கல்சன் குழுவினர் 2019இல் வெளியிட்ட ஆய்வில், 6, 7 மாதக் குழந்தைகள் 44 பேரின் வீடுகளில் ஒரு மணி நேரம் வீடியோ எடுத்தார்கள். வேறொரு நாளில் நாள் முழுக்க ஒலிப்பதிவும் செய்தார்கள். வீடியோ எடுத்த ஒரு மணி நேரத்தில் குழந்தையின் காதில் விழுந்த பெயர்ச்சொற்கள், நாள் முழுப் பதிவில் சராசரியாக ஒரு மணி நேரத்தில் விழுந்தவற்றைவிட மிக அதிகம். சமையல் நடக்கும், குழந்தை தனியே கிடக்கும், யாரும் பேசாத நேரங்களும் நாளின் பகுதிதான். அவை அந்த வீடியோவில் விழவில்லை.

கண் பார்ப்பது செயலை மட்டுமே. கென்யாவின் குசீ மக்களிடம் ராபர்ட் லெவைன் குழுவினர் 1970களில் ஆய்வு செய்தபோது, தாய்மார் கைக்குழந்தையின் முகம் பார்த்துப் பேசுவது மிகக் குறைவு என்று கண்டார்கள். பாஸ்டன் நடுத்தர வர்க்கத் தாயோடு ஒப்பிட்டால் அது பாராமுகமாகத் தோன்றும். ஆனால் குழந்தை அழுதால் அதே தாய்மார் உடனே தூக்கி அமைதிப்படுத்தினார்கள். கைக்குழந்தைப் பருவத்தில் உயிரைக் காப்பதே பெரிய கடமை, பேச்சும் பாடமும் பிறகு வரும் என்பது அவர்கள் எண்ணம். எண்ணம் வீடியோவில் பதிவாகாது. அதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

நம்பிக்கை: அடியைப் பற்றி எந்தத் தாயும் உண்மை சொல்ல மாட்டாள்.

இதுவும் அப்படியே சரியில்லை. அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் ஜார்ஜ் ஹோல்டன் குழுவினர் 33 தாய்மாரை மாலை நேரங்களில் ஒலிப்பதிவுக் கருவி அணிந்திருக்கச் சொன்னார்கள். முடிவுகள் 2014இல் வெளிவந்தன. 15 வீடுகளில் 41 முறை அடி விழுந்திருந்தது. அடிப்பது உண்டா என்ற கேள்விக்குத் தாய்மார் சொன்ன பதில், 81 சதவீதம் பதிவோடு பொருந்தியது. தகராறு தொடங்கிச் சராசரியாக 30 நொடிகளில் அடி விழுந்தது என்பதை மட்டும் ஒலிப்பதிவுதான் காட்டியது. அடி கடைசி வழியாக இருக்கட்டும் என்று அறிவுரை சொல்பவர்கள் இந்த 30 நொடியைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

கேள்வியை எப்படிக் கேட்கிறோம் என்பதும் முக்கியம். யுனிசெஃப் ஆதரவோடு நடக்கும் வீட்டு ஆய்வுகளில் “பிள்ளையை அடிப்பீர்களா?” என்று பொதுவாகக் கேட்பதில்லை. கடந்த ஒரு மாதத்தில் இந்தப் பிள்ளையை வீட்டில் யாராவது உலுக்கினார்களா, கையால் அடித்தார்களா என்று தனித்தனியாகக் கேட்கிறார்கள். அடி அவசியமா என்பது வேறு கேள்வி. 2014இல் அந்த அமைப்பு வெளியிட்ட அறிக்கையின்படி, 2 முதல் 14 வயதுப் பிள்ளைகளில் 10 பேரில் 6 பேர் வீட்டில் அடி வாங்குகிறார்கள். அடி அவசியம் என்று நம்பும் பெரியவர்களோ 10 பேரில் 3 பேர்தான். வேண்டாம் என்று நினைத்தும் அடிக்கும் கோடிக்கணக்கானவர்களைக் கண்டுபிடித்ததும் கேள்விகள்தான்.

பியாட்ரிஸ் வைட்டிங், ஜான் வைட்டிங் தம்பதியர் 1950களில் ஆறு சமூகங்களில் நடத்திய ஆய்வு இரண்டு வழியிலும் சென்றது. உத்தரப் பிரதேச ராஜபுத்திர ஊர் ஒன்றும் அதில் உண்டு. தாய்மார் சொன்னதை வைத்து 1964இல் ஒரு நூல், பிள்ளைகளின் நடத்தையைப் பார்த்துக் குறித்ததை வைத்து 1975இல் இன்னொரு நூல். இன்றும் இதுவே நல்ல வழி.

ஆகவே வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு நாட்டுத் தாய்மாரைப் பற்றிய செய்தி கண்ணில் பட்டால், அது கேட்டு எழுதியதா பார்த்து எழுதியதா, யாரைக் கேட்டார்கள், பக்கத்தில் மாமியாரோ கேமராவோ இருந்ததா என்று தேடிப் பாருங்கள். எதுவும் சொல்லப்படவில்லை என்றால், அந்தச் செய்தியோடு ஒப்பிட்டு உங்கள் வளர்ப்பைக் குறை சொல்லிக்கொள்ளாதீர்கள்.