வழுக்கி விழாமல் வேலை செய்வோம்



யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள் பெரியவர்கள். "இருபது வருஷமா ஏறி இறங்குற மலைதானே, கண்ணை மூடிக்கிட்டு போவேன்" என்று நம்மில் பலர் சொல்கிறோம். பழகிய மலையில்தான் நாம் தரையைப் பார்க்காமல் நடக்கிறோம். மழைக்கால மலை, வெயில்கால மலை அல்ல.

விழுந்தால் நட்டம் ஒருவருக்கு மட்டுமல்ல. மணிக்கட்டு முறிந்தால் ஏறக்குறைய ஆறு வாரம் மாவுக்கட்டு. அத்தனை நாளும் கொழுந்து எடுக்க முடியாது, துணி துவைக்க முடியாது, பிள்ளைக்குத் தலைகூட வாரிவிட முடியாது. கடைக் கடனும் ஏறும்.

ஏன் விழுகிறோம்?

ஈரமண், பாசி, சறுகு ஆகியவற்றில் கால் வழுக்கும். வேர், கல், கவ்வாத்துக் கட்டையில் கால் தடுக்கும். செடி மூடிக் கிடக்கும் கானில் கால் இறங்கிவிடும். இதோடு கூடைப் பாரமும் சேருகிறது. தலையில் கயிறு மாட்டி முதுகில் தொங்கும் கூடை, உடம்பைப் பின்னுக்கு இழுக்கிறது. இறக்கத்தில் கால் முன்னே வழுக்கினால் மல்லாந்து விழுவோம். உடனே கையை ஊன்றுவோம். மணிக்கட்டு முறிவது இப்படித்தான்.

எல்லாவற்றுக்கும் மேல் அவசரம். நிறுவைக்குச் சங்கு ஊதியதும் "அரைப்பேர் ஆயிடுமோ" என்ற பயத்தில் குறுக்குப் பாதையில் ஓடுகிறோம். பாரம் கூடுதலாக இருக்கும் நேரமும் அதுதான்.

மலையில் செய்ய வேண்டியவை

1. நிரை பிடித்ததும் கான் எங்கே ஓடுகிறது என்று பாருங்கள். மூடிக்கிடந்தால் பக்கத்து நிரைக்காரருக்கும் சத்தம் போட்டுச் சொல்லுங்கள்.

2. இறக்கத்தில் நேராக இறங்காதீர்கள். பக்கவாட்டில் திரும்பி, சின்ன அடியாக வையுங்கள்.

3. கூடை நிறைந்ததும் சாக்கில் கொட்டுங்கள். அமுக்கி அமுக்கிச் சுமக்க வேண்டாம்.

4. படங்கு காலில் சிக்காமல் முழங்காலுக்குக் கீழே அளவாகக் கட்டுங்கள். தேய்ந்த செருப்போடு மலை ஏறாதீர்கள்.

5. கவ்வாத்து மலையில் கத்தியை உறையில்லாமல் கொண்டு நடக்கக்கூடாது. விழும்போது கத்திதான் முதலில் குத்தும்.

6. உடைந்த படி, சரிந்த பாதை இருந்தால் கங்காணியிடமோ கணக்கப்பிள்ளையிடமோ சொல்லுங்கள். பாதையைச் சரிசெய்து தருவது நிர்வாகத்தின் கடமை. கேட்பது குறை சொல்வதல்ல.

ஸ்டோரிலும் லயத்திலும்

ஸ்டோரில் சிந்திய தண்ணீரையும் எண்ணெயையும் கண்டவரே உடனே துடைக்க வேண்டும். "அது என் வேலை இல்ல" என்று தாண்டிப் போனால், அடுத்து வருகிறவர் விழுவார். படியில் சாக்கு வைக்கக்கூடாது. லயத்தில் பீலிக்கரையும் வாசற்படியும்தான் ஆபத்து. வாரம் ஒருமுறை பாசியைத் தேய்த்துக் கழுவுங்கள். சவர்க்காரத் தண்ணீரைப் படியில் ஊற்றாதீர்கள். கர்ப்பிணித் தாய்மாரும் வயசான ஆட்களும் அதே படியில்தான் குடம் தூக்குகிறார்கள்.

யாராவது விழுந்துவிட்டால்

இழுத்துத் தூக்காதீர்கள். கழுத்து, முதுகு வலிக்கிறது என்றால் அப்படியே கிடக்க விட்டு உதவி கூப்பிடுங்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். வீங்கிய கையை எண்ணெய் போட்டு உருவ வேண்டாம். சுளுக்கு என்று நினைத்து உருவினால், முறிந்த எலும்பு இன்னும் விலகும். அசையாமல் துணியால் கட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். தலையில் அடிபட்டவர் வாந்தி எடுத்தாலோ, தூங்கித் தூங்கி விழுந்தாலோ ஒரு நிமிடமும் தாமதிக்கக்கூடாது.

சின்ன அடி என்றாலும் அன்றைக்கே அறிவித்துப் பதிய வையுங்கள். வேலையின்போது வேலை காரணமாகப் பட்ட காயத்துக்கு, 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டத்தின் கீழ் நட்டஈடு கேட்க வழி உண்டு. பதிவு இல்லாவிட்டால், பிறகு நிரூபிப்பது கஷ்டம்.

வீட்டில் பேசிப் பார்ப்போம்

• நம் லயத்தில் வழுக்கும் இடம் எது? யார் சுத்தம் செய்வது?

• நாளை போகும் மலையில் மூடிய கான் எங்கே இருக்கிறது?

• விழுந்தவரை ஏன் இழுத்துத் தூக்கக்கூடாது?

பிள்ளைகளிடமும் கேளுங்கள். மெதுவாய் இறங்கினால் ஐந்து நிமிடம் பிந்தும். விழுந்தால் ஆறு வாரம் போகும்.