சொந்த ஊரில் தோற்ற அண்ணா

கேள்வி: அறிஞர் அண்ணா எங்கள் பழைய செங்கல்பட்டு மாவட்டத்திலேயே தேர்தலில் தோற்றாராமே, உண்மையா?
– வாசகர், மாமல்லபுரம்

பதில்: உண்மைதான். காஞ்சிபுரம் அப்போது செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. தி.மு.க. முதன்முதலாகப் பொதுத்தேர்தலில் இறங்கிய 1957-இல் அங்கே வென்று சட்டமன்றம் போனார் அண்ணா. கட்சிக்குக் கிடைத்தவை 15 இடங்கள்.

1962-இல் நடந்ததுதான் நெஞ்சைத் தைக்கிறது. அவர் ஊர் ஊராகப் பேசி வளர்த்த கட்சி 50 இடங்களுக்கு உயர்ந்தது. அவரோ பிறந்த காஞ்சியிலேயே காங்கிரஸின் எஸ்.வி. நடேச முதலியாரிடம் தோற்றார். தலைவரைத் தோற்கடித்தே தீருவது என்று ஆளுங்கட்சி அந்தத் தொகுதியில் தனிக்கவனம் வைத்து வேலை செய்தது. அந்தத் தோல்வி அவரை முடக்கவில்லை. அதே ஆண்டு மாநிலங்களவைக்குச் சென்றார். அங்கே அவர் ஆற்றிய கன்னிப்பேச்சை டெல்லி கூர்ந்து கேட்டது. காஞ்சியில் வென்றிருந்தால் அந்த மேடை அவருக்கு வாய்த்திருக்காது என்றே நினைக்கிறேன்.

1967-இல் அவர் நின்றது சட்டமன்றத்துக்கே அல்ல, தென்சென்னை மக்களவைத் தொகுதியில். வென்றார். கட்சியும் ஆட்சியைப் பிடித்துவிட, மார்ச் 6-இல் முதல்வரானார், எம்.பி. பதவியை விட்டு சட்டமேலவை உறுப்பினரானார். காலியான தென்சென்னையில் இடைத்தேர்தலில் வென்றவர் முரசொலி மாறன். 1969 பிப்ரவரி 3-இல் அண்ணா மறைந்தார். முதல்வராக இருந்தது இரண்டு ஆண்டுகூட இல்லை.