கேஸ் தீரல, கசியுது: பழைய கார் ஏசியை வீட்டில் சரிபார்ப்பது எப்படி?

சோரியாங்குப்பத்தில் எங்க சித்தப்பா வீட்டு வாசலில் நிற்கும் காருக்கு வயசு இருபதுக்கு மேல். பாட்டியை மாசம் ஒரு தடவை ஜிப்மருக்குக் கூட்டிட்டுப் போறது அதில்தான். ஏப்ரல் பிறந்தா போதும், ஏசியில் வெறும் காத்துதான் வரும். சித்தப்பா டவுனுக்குப் போய் இரண்டாயிரத்துச் சொச்சம் கொடுத்து கேஸ் போட்டுட்டு வருவார். அந்தக் கோடை ஓடும். அடுத்த ஏப்ரலில் மறுபடியும் அதே கதை. மூணு வருஷம் இப்படிப் போனதும், "ஆன்லைன்ல கேஸ் கேன் விக்கிறாங்களாமேடா, நீதான் மெக்கானிக்கல் படிக்கிறியே, வீட்லயே போட்டுடலாமா?"ன்னு என்கிட்ட கேட்டார்.

உங்க வீட்டிலும் இந்தக் கேள்வி வரும். போடலாம். ஆனா அதுக்கு முன்னாடி செய்ய வேண்டிய வேலைதான் அதிகம். அதை வரிசையா பார்ப்போம்.

கேஸ் எங்கே போகுது?

பெட்ரோல் எரிஞ்சு தீரும். ஏசி கேஸ் தீராது. கம்ப்ரஸர் அதை அழுத்திச் சூடாக்கும். ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டன்சரில் அது வெப்பத்தை வெளியே விட்டுத் திரவமாகும். ரிசீவர் டிரையர் ஈரத்தை உறிஞ்சும். எக்ஸ்பான்ஷன் வால்வைத் தாண்டியதும் அழுத்தம் சட்டென்று குறையும். டேஷ்போர்டுக்குள் இருக்கும் எவாப்பரேட்டரில் அது கொதித்து ஆவியாகி, காருக்குள் இருக்கும் வெப்பத்தை எடுத்துக்கொண்டு திரும்பக் கம்ப்ரஸருக்கே வரும். மூடிய சுற்று இது.

ரப்பர் ஹோஸ் வழியாகவும் கம்ப்ரஸர் ஷாஃப்ட் சீல் வழியாகவும் வருஷக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமா கசிவது இயல்பு. ஒவ்வொரு வருஷமும் காலியாகுதுன்னா எங்கேயோ ஓட்டை இருக்கு. அதை அடைக்காம கேஸ் போடுறது ஓட்டைக் குடத்தில் தண்ணி பிடிக்கிற வேலை.

இன்னொரு விஷயமும் இருக்கு. கம்ப்ரஸருக்கு வேண்டிய ஆயில் இந்தக் கேஸோட சேர்ந்துதான் சுற்றி வருது. கேஸ் குறைஞ்சா ஆயில் சரியா திரும்பி வராது, கம்ப்ரஸர் ஜாம் ஆகும். அப்போ செலவு பல மடங்கு.

உங்க காரில் எந்த கேஸ்?

பானட்டைத் திறந்து லேபிளைப் பாருங்க. கேஸ் வகையும் எத்தனை கிராம் என்பதும் அதில் இருக்கும். சின்ன கார்களில் பொதுவா அரை கிலோ சுமாருக்கு இருக்கும்.

ரொம்பப் பழைய கார்களில் ஆர்-12 என்ற சி.எஃப்.சி. இருந்தது. அது ஓசோன் படலத்தை அரிக்கும் என்று 1974-ல் மோலினாவும் ரோலண்டும் எழுதினார்கள். 1995-ல் அவர்களுக்கும் குருட்ஸனுக்கும் வேதியியல் நோபல் கிடைத்தது. 1987-ல் உருவான மாண்ட்ரியல் ஒப்பந்தத்தில் இந்தியா 1992-ல் சேர்ந்தது. 2003 ஜனவரி 1-க்குப் பிறகு புது ஏசிகளில் சி.எஃப்.சி. பயன்படுத்தத் தடை வந்தது. அதுக்கு அப்புறம் வந்த கார்களில் ஆர்-134ஏ இருக்கும். சித்தப்பா காரிலும் அதுதான்.

ஆர்-12 காரில் ஆர்-134ஏ-வை அப்படியே ஏத்தக் கூடாது. பழைய மினரல் ஆயில் புதுக் கேஸோட கலந்து ஓடாது. ஆயில், சீல், டிரையர் எல்லாத்தையும் மாத்தணும். அது தனி வேலை. இந்தக் கட்டுரை ஆர்-134ஏ கார்களுக்கு மட்டும்.

கேனை வாங்கும் முன் ஐந்து சோதனை

1. கண்டன்சர் சுத்தமா இருக்கா? 2024 டிசம்பரில் தென்பெண்ணை கரை புரண்டபோது பாகூர் பக்கத்து ஊர்களில் புகுந்த சேறு ஞாபகம் இருக்கும். அந்த மாதிரி சேறும் புழுதியும் ஃபின்களுக்கு நடுவில் காய்ஞ்சு கிடந்தா வெப்பம் வெளியே போகாது. மெதுவான தண்ணியில் கழுவுங்க. அதிக பிரஷர் வேண்டாம், ஃபின் மடங்கும்.
2. ஏசி போட்டதும் கண்டன்சர் ஃபேன் சுத்துதா?
3. கம்ப்ரஸர் கிளட்ச் "டக்" என்று ஒட்டுதா? ஒட்டலைன்னா ஃபியூஸ், ரிலே பாருங்க. கேஸ் ரொம்பக் குறைஞ்சாலும் பிரஷர் சுவிட்ச் கிளட்சை ஒட்ட விடாது.
4. பெல்ட் தளர்ந்திருக்கா?
5. கேபின் ஃபில்டர் அடைச்சிருக்கா?

காருக்கு அடியில் தண்ணி சொட்டுறது கோளாறு இல்லை. நம்ம கடலோரக் காற்றில் ஈரம் அதிகம். எவாப்பரேட்டரில் படியும் அந்த ஈரம்தான் சொட்டுது.

பிரஷர் ஏன் ஏமாத்தும்?

தெர்மோடைனமிக்ஸ் வகுப்பில் படிச்ச சாச்சுரேஷன் டேபிளுக்கு இங்கேதான் வேலை. ஆர்-134ஏ 35 டிகிரியில் திரவமும் ஆவியும் சேர்ந்து இருக்கும்போது கேஜில் சுமார் 114 பி.எஸ்.ஐ. காட்டும். உள்ளே 200 கிராம் இருந்தாலும் 500 கிராம் இருந்தாலும் அதே 114 தான். ஒரு சொட்டுத் திரவம் மிச்சம் இருக்கும்வரை அழுத்தத்தைத் தீர்மானிப்பது வெப்பநிலை, அளவு இல்லை. சமையல் சிலிண்டர் பாதி தீர்ந்தாலும் அடுப்பு அதே வேகத்தில் எரியுதே, அதே கணக்கு. அதனால் வண்டி ஓடாத நிலையில் கேஜைப் பார்த்து "கேஸ் சரியா இருக்கு"ன்னு சொல்ல முடியாது.

ஓடும்போது பார்த்தால்? கேனோடு வரும் சின்ன கேஜ் லோ சைடை மட்டும் காட்டும். லோ சைடு அதிகமா இருந்தா கேஸ் கூடியிருக்கலாம், ஃபேன் செத்திருக்கலாம், கம்ப்ரஸரே தேய்ஞ்சிருக்கலாம். எதுன்னு தெரிய ரெண்டு பக்கமும் பார்க்கும் மேனிஃபோல்டு கேஜ் வேணும்:

- ரெண்டு பக்கமும் குறைவு: கேஸ் குறைவு.
- ரெண்டு பக்கமும் அதிகம்: கேஸ் அதிகம், அல்லது கண்டன்சர் அடைப்பு, அல்லது உள்ளே காற்று.
- லோ அதிகம், ஹை குறைவு: கம்ப்ரஸர் பலவீனம்.
- லோ சைடு வேக்குவத்துக்கு இறங்குது: எக்ஸ்பான்ஷன் வால்வு அல்லது டிரையரில் அடைப்பு.

ஓட்டையைத் தேடுவது

கேஸ் கசியும் இடத்தில் ஆயிலும் சேர்ந்து வரும். அதில் தூசி ஒட்டிக் கறுப்பா தெரியும். பைப் இணைப்புகள், சர்வீஸ் போர்ட் வால்வு, கம்ப்ரஸர் முன்பக்கம், கண்டன்சர் ஓரங்கள் எல்லாத்தையும் டார்ச் அடிச்சுப் பாருங்க. சந்தேகப்பட்ட இடத்தில் கெட்டியான சோப்புத் தண்ணி தடவி சில நிமிஷம் காத்திருங்க. சின்னக் கசிவில் குமிழி மெதுவாத்தான் வரும்.

சித்தப்பா காரில் கண்டன்சர் பைப் இணைப்பில் கறை இருந்தது. சோப்பு தடவினதும் குண்டூசித் தலை அளவுக்குக் குமிழி. உள்ளே இருந்த ஓ-ரிங் காய்ஞ்சு விரிசல் விட்டிருந்தது. சில ரூபாய் சாமான். மூணு வருஷம் கேஸ் போட்ட யாரும் அங்கே சோப்பு தடவிப் பார்க்கலை.

இணைப்பைக் கழற்றும் முன் உள்ளே மிச்சம் இருக்கும் கேஸை ரெக்கவரி மெஷின் உள்ள கடையில் எடுத்துடணும். காத்தில் திறந்து விடாதீங்க. கையில் பட்டாலும் கண்ணில் பட்டாலும் உறைபுண் வரும், அதன் கொதிநிலை மைனஸ் 26 டிகிரி. ஓ-ரிங் ஆர்-134ஏ-வுக்கு ஏற்றதா வாங்கி, ஏசி ஆயில் தடவிப் போடுங்க. சிஸ்டம் ரொம்ப நாள் திறந்து கிடந்தா டிரையரையும் மாத்துங்க.

கேஸ் ஏத்தும் முறை

பாகூரில் வீட்டு ஏசி சர்வீஸ் செய்யும் அண்ணன் ஒருத்தரிடம் வேக்குவம் பம்பும் கேஜ் செட்டும் வாடகைக்கு எடுத்தோம். அவரும் கூட வந்தார்.

1. முதலில் வேக்குவம், குறைந்தது அரை மணி நேரம். 30 டிகிரியில் தண்ணி கொதிக்கணும்னா அழுத்தம் வளிமண்டலத்தில் சுமார் 24-ல் ஒரு பங்காகக் குறையணும். அப்போதுதான் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி வெளியேறும். ஈரம் தங்கினா எக்ஸ்பான்ஷன் வால்வில் பனியா உறையும், ஆயிலோட சேர்ந்து அமிலமும் உண்டாகும்.
2. வால்வுகளை மூடிட்டு அரை மணி நேரம் முள்ளைப் பாருங்க. ஏறினா இன்னும் கசிவு இருக்கு.
3. கேனை டிஜிட்டல் தராசில் வைங்க. ஹோஸில் இருக்கும் காற்றைக் கேஸால் ஒரு கணம் வெளியே தள்ளிட்டு, இஞ்சின் ஓடாமலே லோ சைடில் திறந்தா வேக்குவம் கொஞ்சம் இழுத்துக்கும்.
4. பிறகு இஞ்சினை ஸ்டார்ட் பண்ணி, ஏசியையும் புளோயரையும் முழுசா வைத்து, சுமார் 1500 ஆர்.பி.எம்.மில் ஓட விடுங்க. ஹை சைடு வால்வு மூடியே இருக்கணும். கேன் நிமிர்ந்தே இருக்கணும். கவிழ்த்தா திரவம் நேரா கம்ப்ரஸருக்குள் போய் அதை உடைக்கும்.
5. லேபிளில் உள்ள கிராம் வந்ததும் நிறுத்துங்க. "இன்னும் கொஞ்சம் போட்டா இன்னும் குளிரும்" என்பது தப்பு. கூடினா ஹை சைடு அழுத்தம் ஏறிக் குளிர்ச்சி குறையும்.
6. மறுபடியும் சோப்புத் தண்ணி. வேக்குவம் சோதிப்பது ஒரு வளிமண்டல அழுத்தத்தைத்தான். ஓடும்போது ஹை சைடில் அதுபோல பத்து மடங்குக்கு மேல் இருக்கும்.

எங்களுக்கு நடு வென்ட்டில் தெர்மாமீட்டர் 9 டிகிரி காட்டியது.

இதெல்லாம் வேண்டவே வேண்டாம்

- கேனை ஹை சைடில் மாட்டாதீங்க, வெடிக்கும். தீயில் காட்டாதீங்க. குளிர்ந்து போனா வெதுவெதுப்பான தண்ணியில் வைத்தால் போதும்.
- சமையல் கேஸோ, "சீப்பா கிடைக்குது"ன்னு விற்கும் எரியும் கேஸோ ஏத்தாதீங்க. எவாப்பரேட்டர் கசிந்தால் அது நேரா கேபினுக்குள் வரும்.
- ஓட்டை அடைக்கும் சீலன்ட் கலந்த கேன் வேண்டாம். வால்வையும் கடைக்காரர் மெஷினையும் சேர்த்து அடைக்கும்.
- கண்ணாடி, கையுறை இல்லாம, மூடிய ஷெட்டுக்குள் வேலை செய்யாதீங்க. துண்டு, துப்பட்டா, லுங்கி பெல்ட் பக்கம் போகக் கூடாது.

கசிஞ்ச கேஸ் என்ன ஆச்சு?

ஆர்-134ஏ ஓசோனைத் தொடாது. ஆனா நூறு வருஷக் கணக்கில், எடைக்கு எடை, கார்பன் டை ஆக்சைடைப் போல 1430 மடங்கு பூமியைச் சூடாக்கும். அரை கிலோ கசிந்தால் 715 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிஞ்சா சுமார் 2.3 கிலோ வரும். அப்போ இது 310 லிட்டர் பெட்ரோல். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் வைத்தால், புதுச்சேரியிலிருந்து டெல்லிக்குப் போய்த் திரும்பும் தூரம். மூணு வருஷம் ஓ-ரிங்கை மாத்தாம விட்டதன் கணக்கு இது. 2016-ன் கிகாலி திருத்தத்தை இந்தியா 2021-ல் ஏற்றது. அதன்படி இந்த வகைக் கேஸ்களை 2032-லிருந்து படிப்படியாகக் குறைக்கணும்.

வேக்குவம் பம்ப் கிடைக்கலையா? பரவாயில்லை. ஐந்து சோதனையும் சோப்புத் தண்ணியும் நீங்களே செய்யலாம். மீதியைக் கடையில் விடுங்க. விடும்போது மூணு கேள்வி மட்டும் கேளுங்க: "கசிவு பார்த்தீங்களா? வேக்குவம் எத்தனை நிமிஷம் போட்டீங்க? எத்தனை கிராம் ஏத்தினீங்க?" மூணாவது கேள்விக்குப் பதிலா பிரஷரைச் சொன்னா, சாவியைத் திருப்பி வாங்கிட்டு அடுத்த கடைக்குப் போங்க.

சித்தப்பா காரில் இது ரெண்டாவது கோடை. இன்னும் கேஸ் போடலை. ஜிப்மர் போற அன்னைக்கு மட்டும், "குளிருது, கொஞ்சம் குறைடா"ன்னு பாட்டி சொல்றாங்க.