பால் காய்ச்சிய மறுநாள்

வீடு மாறும்போது லாரி, அட்டைப்பெட்டி, பீரோவை மாடி ஏற்றுவது என்றே மனசு ஓடும். சாமான் ஒரு நாளில் இறங்கிவிடும். அக்கம்பக்கம் அமையத்தான் நாள் பிடிக்கும். சென்னையில் ஐந்து முறை வாடகை வீடு மாறியவள் நான். ஆறு, எட்டு வீடுகள் உள்ள சின்ன ஃபிளாட்டுக்குக் குடிபோகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே ஒரு சாயங்காலம் அங்கே போய்வாருங்கள். ஆபீஸ், பள்ளிக்கூடம் முடிந்து எல்லோரும் வந்திருக்கும் நேரம் அது. படியில் எதிரே வருகிறவரிடம், "ரெண்டாவது மாடிக்கு வரலாம்னு இருக்கோம், இங்க தண்ணி எப்படிங்க?" என்று கேளுங்கள். கோடையில் லாரித் தண்ணீர் வாங்குகிறார்களா, அந்தக் காசை எப்படிப் பிரிக்கிறார்கள், மோட்டார் போடுவது யார், குடிக்க மெட்ரோ தண்ணீரா கேனா என்று தரகர் சொல்லாததெல்லாம் அந்த ஒரு கேள்விக்கு வந்துவிடும். உங்களுக்குத் தெரிந்த முதல் முகமும் அவராகவே இருப்பார்.

ஒப்பந்தத்தை எழுத்தில் போடுங்கள். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, இருவரும் வேறு விதமாக ஒத்துக்கொண்டால் தவிர, மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. சாவி வாங்கும் நாளிலேயே ஈபி மீட்டரைப் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு முறைதான் கணக்கெடுப்பார்கள் என்பதால், முன்பு இருந்தவர் எரித்த கரண்டும் உங்கள் கணக்கில் சேர்ந்துவிடும்.

பால் காய்ச்சுவதற்கு முதல்நாள் எதிர்வீடு, மேல்வீடு, கீழ்வீடு மூன்றுக்கும் நேரில் போய்ச் சொல்லுங்கள். "காலையில ஆறு மணிக்குப் பால் காய்ச்சுறோம், வந்து ஒரு வாய் காபி குடிச்சிட்டுப் போங்க" என்றால் போதும். வராவிட்டால் வருத்தப்படாதீர்கள், அந்த நேரத்தில் அவரவர் அடுப்படியில் அவரவர் வேலை. சாயங்காலம் ஒரு கிண்ணம் கேசரியோடு நீங்களே போங்கள். பெயரைக் கேளுங்கள், ஊரைக் கேளுங்கள். "நீங்க என்ன ஆளுங்க?" என்று மட்டும் கேட்காதீர்கள், சுற்றி வளைத்தும் கேட்காதீர்கள். உங்களை யாராவது கேட்டால், "நாங்க ரெண்டாவது மாடிங்க" என்று சிரித்த முகமாகச் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுங்கள். அந்தக் கேள்வியால் அறுந்த பழக்கங்களை நான் பார்த்திருக்கிறேன்.

முதல் வாரத்தில் ஏதாவது ஒன்றை வாய்விட்டுக் கேளுங்கள். கூச்சமே வேண்டாம். ஒரு கரண்டி உறைமோர், நாலு கொத்துக் கறிவேப்பிலை, பிளம்பர் நம்பர், குப்பை வண்டி வரும் நேரம், எந்தக் கடை மாவு புளிக்காமல் இருக்கும் என்பது, எதுவானாலும் சரி. எல்லாவற்றையும் ஆன்லைனில் வரவழைத்துக்கொள்ளும் வீட்டுக் கதவைத் தட்ட மற்றவர்களுக்குத் தயக்கமாக இருக்கும். நீங்கள் ஒரு முறை கேட்டுவிட்டால் அவர்களும் கேட்பார்கள். வாங்கிய பாத்திரத்தை இரண்டு மூன்று நாளுக்குள் திருப்பிவிடுங்கள். வெறுமையாகத் தராதீர்கள், ஒரு கைப்பிடி சர்க்கரையோ இரண்டு எலுமிச்சம்பழமோ இருக்கட்டும். நம் பாட்டிமார் இதைக் கண்டிப்பாகச் செய்தார்கள். அந்தப் பாத்திரம் இரண்டு வீட்டுக்கும் நடுவே நடந்துகொண்டே இருக்கும்.

உரசல் வரத்தான் செய்யும். கிரைண்டருக்கு அடியில் தடிமனான மேட் போடுங்கள். நாற்காலியை இழுக்காமல் தூக்கி வையுங்கள். பால்கனியைக் கழுவுமுன் கீழே துணி காய்கிறதா என்று எட்டிப் பாருங்கள். மொட்டைமாடியில் எந்தக் கொடி யாருடையது என்று கேட்டுக்கொண்டு காயப்போடுங்கள். உங்களுக்குக் குறை இருந்தால் அந்த வீட்டு வாசலில் போய்ப் பேசுங்கள். வாட்ஸ்அப் குழுவில் எட்டு வீடு பார்க்க எழுதினால் நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் மனஸ்தாபம் மிஞ்சும். வாட்ச்மேனையும் குப்பை வாங்க வருகிற அம்மாவையும் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்.

தனியாக இருக்கும் வயதானவர்களிடம் உங்கள் நம்பரைப் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள். அவர்கள் பிள்ளைகளின் நம்பரையும் வாங்கிக்கொள்ளுங்கள். அதே தாளில் ஆம்புலன்சுக்கு 108, மாநகராட்சிக்கு 1913, கரண்டு புகாருக்கு மின்னகம் 94987 94987 என்றும் எழுதுங்கள்.

2015 டிசம்பர் மழையில் எங்கள் கீழ்வீட்டில் இடுப்பளவு தண்ணீர். கரண்டும் இல்லை, போனும் இல்லை. கீழ்வீட்டு மாமாவும் மாமியும் மூன்று ராத்திரி எங்களோடு இருந்தார்கள். மாமாவைக் கைத்தாங்கலாக மேலே ஏற்றிவிட்டு, திரும்ப இறங்கி அவருடைய இன்சுலினை எடுத்துவந்தேன். ஃபிரிட்ஜ் கதவில் வெண்ணெய்க்குப் பக்கத்தில் அது இருக்கும் என்று எனக்குத் தெரியும். மாதக்கணக்காக உறைமோர் வாங்கப் போய்வந்த வீடு அது. அந்த மூன்று நாளும் ஈர மண்பானைக்குள் வைத்து அதைக் காப்பாற்றினோம்.

ஐப்பசியில் மழை தொடங்கிவிடும். அதற்குள் ஒரு முறை கீழ்வீட்டுக்குப் போய்வாருங்கள்.