சுயதொழிலும் தனி வியாபாரமும்: குழாய் பொருத்துநர் ஒருவரின் ஒரு மாதக் கணக்கு

இப்பாடத்தைக் கற்ற பின்னர் நீங்கள்,
• தனி வியாபாரத்தின் இயல்புகளை உதாரணத்துடன் விளக்குவீர்கள்.
• காசு மீதிக்கும் இலாபத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டுவீர்கள்.
• செலவு, சொத்து, எடுப்பனவு என்பவற்றைப் பிரித்தறிவீர்கள்.

1. அறிமுகம்

மாணவர்களே, தனி வியாபாரம் என்றதும் உங்களிற் பலர் பலசரக்குக் கடையையே உதாரணமாக எழுதுகின்றீர்கள். பொருளை விற்காது சேவையை விற்பவரும் தனி வியாபாரியே. தச்சர், மேசன், முடிதிருத்துநர், மின்னிணைப்பாளர் ஆகியோரைப் போலக் குழாய் பொருத்துநரும் இவ்வகையைச் சேர்ந்தவர்.

நுவரெலியாப் பக்கம் சுயமாகத் தொழில் செய்யும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். பாட வசதிக்காக அவரை மூர்த்தி என அழைப்போம். மூர்த்தியும் கீழே வரும் தொகைகளும் கற்பனையே. ஆனால் அவருடைய சிக்கல் கற்பனையன்று.

2. தொழிலின் அன்றாட இயல்பு

குழாய் பொருத்துநரின் வேலை, குழாயில் நீர் ஓடுவதற்கு முன்னரே தொடங்கிவிடுகின்றது. காலையில் தொலைபேசி அழைப்பு வரும். "மேல்மாடிக் குளியலறையில் தண்ணீர் சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது, வந்து பாருங்கள்" என்பார்கள். அவர் மோட்டார் சைக்கிளிற் சென்று பார்ப்பார், அளப்பார், மதிப்பீடு எழுதிக் கொடுப்பார். சில வேளை அந்த வேலை அவருக்குக் கிடைக்கும். சில வேளை அந்த மதிப்பீட்டைக் காட்டி வேறொருவரிடம் விலை குறைத்துக்கொள்வார்கள். அப்போது சென்று வந்த பெற்றோலும் அரை நாளும் அவருடைய தலையிலேயே விழும்.

இத்தொழிலுக்கு உங்கள் விஞ்ஞானப் பாடமும் வேண்டும்.

• நீர்த்தாங்கி குழாய்வாயிலிருந்து எவ்வளவு உயரத்தில் உள்ளதோ அதற்கேற்பவே அமுக்கம் அமையும். 10 மீற்றர் உயர நீர்நிரல் ஏறத்தாழ 100 கிலோபஸ்கால் அமுக்கத்தைத் தரும். தாங்கி 2 மீற்றர் மட்டும் உயரத்தில் இருந்தால் ஏறத்தாழ 20 கிலோபஸ்காலே கிடைக்கும். குழாயை மாற்றுவதால் மட்டும் இக்குறை தீராது. தாங்கியை உயர்த்த வேண்டும் அல்லது பம்பி பொருத்த வேண்டும்.

• பம்பி இல்லாத சூரிய சுடுநீர்த் தொகுதியிற் சூடாகிய நீர் அடர்த்தி குறைந்து மேலெழும். குளிர்ந்த நீர் கீழிறங்கும். இது மேற்காவுகை. இதனாலேயே அத்தொகுதிகளில் தாங்கி, சூரியத் தகட்டுக்கு மேலே வைக்கப்படுகின்றது.

• சாதாரண பிவிசி குழாய் ஏறத்தாழ 60 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தைத் தாங்காது. இளகி வளையும், மூட்டு விடும். எனவே சுடுநீர்ப் பாதைக்கு அதற்கென ஆக்கப்பட்ட சிபிவிசி அல்லது பிபிஆர் குழாயே பொருத்தப்பட வேண்டும்.

• மூடிய சுடுநீர்த் தாங்கியிற் பாதுகாப்பு வால்வு கட்டாயம் இருக்க வேண்டும். வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் பாகம் பழுதானால் உள்ளே அமுக்கம் கூடும். அதனை வெளியேற்றுவது இந்த வால்வே. அதிலிருந்து சிறிது நீர் சொட்டுகின்றது என்பதற்காக அதனை அடைத்துவிடுபவர் வீட்டாரின் உயிரோடு விளையாடுகின்றார்.

இவ்வறிவுக்குச் சான்று தேவை. இலங்கையில் தேசிய தொழிற் தகைமை 7 மட்டங்களைக் கொண்டது. பயிற்சி நிலையத்திற் கற்று இத்தகைமையைப் பெறலாம். பல ஆண்டுகள் தொழில் செய்தவர், பெற்ற திறனை மதிப்பீட்டின் மூலம் நிரூபித்தும் பெறலாம்.

3. தனி வியாபாரத்தின் இயல்புகள்

(அ) உரிமையாளர் ஒருவரே. மூலதனம், தீர்மானம், இலாபம், நட்டம் யாவும் அவருடையவை.

(ஆ) தொடங்குவது இலகு. தன் சொந்தப் பெயரிலேயே தொழில் செய்தால் வியாபாரப் பெயரைப் பதிவு செய்வது கட்டாயமன்று. வேறு பெயர் வைத்தால் பதிவு செய்தல் வேண்டும். இதற்கு அடிப்படையாக அமைந்தது 1918 ஆம் ஆண்டின் 6 ஆம் இலக்க வியாபாரப் பெயர்கள் கட்டளைச் சட்டமாகும். விண்ணப்பத்தைப் பிரதேச செயலகத்தினூடாக மேற்கொள்ளலாம்.

(இ) எல்லையற்ற பொறுப்பு. மூர்த்தி ஒரு விடுதியின் சுடுநீர்ப் பாதைக்குச் சாதாரண பிவிசி குழாயைப் பொருத்தினார் எனக் கொள்வோம். மூட்டு விட்டுக் கூரைத்தட்டு நனைந்து இடிந்தது. அவர் கொடுக்க வேண்டிய நட்டஈடு ரூபா 200,000. அவரது தொழிற் சொத்துக்கள் ரூபா 80,000 மட்டுமே. மிகுதி ரூபா 120,000 ஐ அவர் தன் சொந்தச் சொத்துக்களிலிருந்து கொடுக்க வேண்டும். மனைவியின் பெயரில் உள்ள நகை அவருடைய சொத்தன்று; ஆனால் அவர் பெயரிலுள்ள காணி தப்பாது.

(ஈ) தொடர்ச்சியின்மை. அவர் காய்ச்சலிற் படுத்தால் தொழிலும் படுத்துவிடும்.

4. ஒரு மாதக் கொடுக்கல் வாங்கல்கள்

மாதத் தொடக்கத்தில் மூர்த்தியின் கையிற் காசு இல்லை. அம்மாதத்தில்,

• வீடொன்றுக்குத் தாங்கியும் குழாயும் பொருத்திப் பெற்ற காசு: ரூபா 85,000
• சூரிய சுடுநீர்த் தொகுதி பொருத்திப் பெற்ற காசு: ரூபா 30,000
• சிறு திருத்த வேலைகளுக்குப் பெற்ற காசு: ரூபா 22,000
• விடுதியொன்றில் ஹீற்றர் திருத்தியது, காசு இன்னும் கிடைக்கவில்லை: ரூபா 18,000
• குழாய், எல்போ, வால்வு, பசை முதலியன காசுக்கு வாங்கியது: ரூபா 46,000
• அவற்றைக் கடனுக்கு வாங்கியது: ரூபா 9,000 (வாங்கிய பொருட்கள் யாவும் பாவிக்கப்பட்டுவிட்டன)
• உதவியாளின் கூலி, 10 நாட்கள்: ரூபா 25,000
• பெற்றோல்: ரூபா 9,000
• தொலைபேசி: ரூபா 1,500
• மாத முதலாந் திகதி வாங்கிய துளையிடும் இயந்திரம், காசு: ரூபா 24,000 (பாவனைக் காலம் 4 வருடங்கள், எச்சப் பெறுமானம் இல்லை)
• வீட்டுச் செலவுக்கு எடுத்தது: ரூபா 30,000

மாத முடிவில் மூர்த்தி சட்டைப் பையை எண்ணிப் பார்க்கின்றார்.

பெற்ற காசு: 85,000 + 30,000 + 22,000 = 137,000
கொடுத்த காசு: 46,000 + 25,000 + 9,000 + 1,500 + 24,000 + 30,000 = 135,500
காசு மீதி = ரூபா 1,500

"மாதம் முழுக்க முறிந்தும் ஆயிரத்தைந்நூறுதான் மிச்சம். இந்தத் தொழிலை விட்டுவிடுவோம்" என்கின்றார். அவர் கூறுவது சரியா?

5. உண்மையான இலாபம்

வருமானம் என்பது கைக்கு வந்த காசன்று. அம்மாதத்தில் உழைத்த தொகையாகும். விடுதி வேலையை அவர் செய்து முடித்துவிட்டார். ஆகவே ரூபா 18,000 உம் அம்மாத வருமானமே. அவ்வாறே கடனுக்கு வாங்கிப் பாவித்த ரூபா 9,000 பொருட்களும் அம்மாதச் செலவே. இதுவே அட்டுறு எண்ணக்கரு.

வருமானம்: 137,000 + 18,000 = 155,000

கழிக்க:
பொருட்கள் (46,000 + 9,000) 55,000
உதவியாள் கூலி 25,000
பெற்றோல் 9,000
தொலைபேசி 1,500
இயந்திரப் பெறுமானத் தேய்வு (24,000 ÷ 48 மாதங்கள்) 500
மொத்தச் செலவு 91,000

தேறிய இலாபம் = 155,000 − 91,000 = ரூபா 64,000

ரூபா 1,500 எங்கே, ரூபா 64,000 எங்கே! இடைப்பட்ட ரூபா 62,500 இற்கு என்ன நடந்தது?

இலாபம் 64,000
கூட்டுக: கொடுக்காத கடன் 9,000
கூட்டுக: காசு வெளிச்செல்லாத தேய்வு 500
கழிக்க: வரவேண்டிய காசு 18,000
கழிக்க: இயந்திரம் 24,000
கழிக்க: எடுப்பனவு 30,000
காசு மீதி 1,500

ஆகவே காசு தொலைந்துபோகவில்லை. ஒரு பகுதி விடுதிக்காரரிடமும் ஒரு பகுதி இயந்திரமாகவும் இருக்கின்றது. மற்றொரு பகுதி வீட்டில் அரிசியாகவும் பிள்ளைகளின் கொப்பியாகவும் மாறிவிட்டது. வீட்டுச் செலவு தொழிலின் செலவன்று. உரிமையாளர் வேறு, வியாபாரம் வேறு என்னும் வியாபார அலகு எண்ணக்கருவின்படி அது எடுப்பனவாகும்.

6. ஆயினும் ஒரு கேள்வி

ரூபா 64,000 இலாபம் என்றதும் மூர்த்தி மகிழ்ந்துவிடலாமா? அவர் அம்மாதம் 24 நாட்கள் வெளியே சென்றார். 17 நாட்களே கூலி பெறும் வேலை நடந்தது. மிகுதி 7 நாட்கள் மதிப்பீடு பார்க்கவும் கடைக்கு அலையவும் மழையில் ஒதுங்கி நிற்கவும் கழிந்தன. 64,000 ஐ 24 ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு ஏறத்தாழ ரூபா 2,667.

ஒப்பந்தகாரர் ஒருவர் அவருக்கு நாளொன்றுக்கு ரூபா 3,000 கூலி தர முன்வந்தார் எனக் கொள்வோம். அதே 24 நாட்களுக்கு ரூபா 72,000 கிடைத்திருக்கும். சுயதொழிலுக்காக அவர் கைவிட்ட இந்த ரூபா 72,000 அவரது அமையச் செலவாகும். அதாவது அவர் ரூபா 8,000 குறைவாகவே உழைத்துள்ளார்.

தவறு உழைப்பில் இல்லை. விலை குறிப்பதில் உள்ளது. அவர் 17 நாட்களின் கூலியை மட்டும் விலையிற் சேர்த்தார். அலைந்த 7 நாட்களைச் சேர்க்கவில்லை. பார்வையிடுவதற்குச் சிறு கட்டணம் அறவிடலாம். வேலை கிடைத்தால் அதனைச் சிட்டையிற் கழித்துக்கொள்ளலாம். பெரிய வேலைக்கு முற்பணம் பெறலாம். ஒவ்வொரு வேலைக்கும் பற்றுச்சீட்டின் பிரதியை வைத்திருக்கலாம். வங்கியிற் கடன் கேட்கும் நாளில் அவர் சொல்லும் வார்த்தைக்கு அத்தாள்களே சாட்சி.

7. பரீட்சையில் விடப்படும் தவறுகள்

1. இயந்திரத்தின் முழு விலையையும் ஒரே மாதச் செலவாகக் காட்டுதல்.
2. உரிமையாளர் எடுத்த காசைச் "சம்பளம்" எனச் செலவிற் சேர்த்தல்.
3. கிடைக்க வேண்டிய காசை வருமானத்திற் சேர்க்காது விடுதல்.
4. அமையச் செலவை இலாபக் கணக்கிற் கழித்தல். அது தீர்மானம் எடுப்பதற்கு உதவுவது; ஏட்டிற் பதியப்படுவதன்று.

8. பயிற்சி

(1) அடுத்த மாதம் விடுதிக்காரர் ரூபா 18,000 ஐக் கொடுத்தார். மூர்த்தி கடைக்கு ரூபா 9,000 ஐச் செலுத்தினார். அம்மாத இலாபத்திலும் காசிலும் ஏற்படும் மாற்றம் யாது?

(2) தொழிலுக்கென வாங்கிய ரூபா 1,200 பெறுமதியான வால்வைத் தன் வீட்டுக்குப் பொருத்தினார். இதனை எவ்வாறு பதிவீர்?

(3) எல்லையற்ற பொறுப்பு மூர்த்திக்குத் தரும் ஆபத்தைக் குறைப்பதற்கு இரு வழிகள் தருக.

விடைகள்

(1) இலாபத்தில் மாற்றம் இல்லை. காசு ரூபா 9,000 ஆற் கூடும். கடன்பட்டோர் ரூபா 18,000 ஆலும் கடன்கொடுத்தோர் ரூபா 9,000 ஆலும் குறையும்.

(2) பொருட்செலவிலிருந்து ரூபா 1,200 ஐக் கழித்து எடுப்பனவாகப் பதிய வேண்டும்.

(3) உரிய தரமுள்ள பொருளைப் பாவித்து, வேலை முடிந்ததும் அமுக்கச் சோதனை செய்து வாடிக்கையாளரின் கையொப்பம் பெறுதல், காப்புறுதி செய்தல்.

மாணவர்களே, உங்களிற் சிலருடைய தந்தையர் இத்தொழிலையோ இதைப் போன்றதொன்றையோ செய்கின்றனர். இன்றிரவு ஒரு பழைய கொப்பியை எடுத்து, அவரிடம் கேட்டு, இம்மாதக் கணக்கை இம்முறையில் எழுதிப் பாருங்கள். உங்களுக்குப் பயிற்சி, அவருக்கு, தன் உழைப்பு எங்கே போகின்றது என்பதற்கு ஒரு விடை.